பித்தப்பையில் கல்: எடுத்துவிடுவதா, விட்டுவைப்பதா, வேறு காரணம் தேடுவதா?

பினாங்கு ஜெலுத்தோங்கில் இருக்கும் எங்கள் வீட்டுக்குச் சென்ற ஆண்டு ஒரே மாதத்தில் இரண்டு ஸ்கேன் அறிக்கைகள் வந்து சேர்ந்தன. ஒன்று என்னுடையது, மற்றொன்று பட்டர்வொர்த்தில் வசிக்கும் என் அக்காவுடையது. இரண்டிலும் முடிவாக எழுதியிருந்தது ஏறக்குறைய ஒரே செய்திதான்: பித்தப்பையில் கல் உள்ளது, பையின் சுவர் தடிக்கவில்லை, பித்தநாளம் விரியவில்லை. அக்கா மூன்று மாதங்களுக்குள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். நான் செய்துகொள்ளவில்லை; கல் இன்னும் என்னிடமே இருக்கிறது. உறவினர்கள் இதை அக்காவின் துணிச்சல் என்றும் என் பயம் என்றும் பேசிக்கொண்டார்கள். உண்மையில் இருவரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டோம்; விடைதான் வேறு வேறாக வந்தது. படத்தில் தெரியும் கல்லுக்கும் உடம்பில் உணரும் தொந்தரவுக்கும் தொடர்பு இருக்கிறதா என்பதே அந்தக் கேள்வி.

இதை முதலில் கேட்காமல், அறுவைக்கு எவ்வளவு செலவாகும், எந்த ஆஸ்பத்திரி நல்லது, எத்தனை நாள் விடுப்பு எடுக்க வேண்டும் என்று நேராக இறங்கிவிடுபவர்களே நம்மிடையே அதிகம். பித்தக்கல் உள்ளவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு வாழ்நாள் முழுவதும் அதனால் எந்தத் தொந்தரவும் வருவதில்லை. தொந்தரவு தராத கல், ஆண்டுக்கு நூறில் ஒருவர் முதல் நால்வர் வரைக்கே வலியாக மாறுகிறது. மறுபுறம், வயிற்று உப்புசம், ஏப்பம், நெஞ்செரிச்சல், சாப்பிட்டதும் வயிறு நிறைந்துபோன உணர்வு ஆகியவை கல் இருப்பவர்களுக்கும் இல்லாதவர்களுக்கும் ஏறக்குறைய ஒரே அளவில் வருபவை. ஆகவே ஒரு மனிதரிடம் கல்லும் இருக்கலாம், உப்புசமும் இருக்கலாம். இரண்டும் ஒரே வயிற்றில் இருந்தும் ஒன்றையொன்று அறியாமல் இருக்கலாம்.

பித்தப்பையின் வேலையைத் தெரிந்துகொண்டால் இந்தக் குழப்பம் பாதி தெளிந்துவிடும். கல்லீரல் ஒரு நாளில் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. பித்தப்பை அதில் 30 முதல் 50 மில்லிலிட்டர் வரை மட்டும் கொள்ளக்கூடிய சிறிய பை. அது நீரை உறிஞ்சிப் பித்தநீரைக் கெட்டியாக்கி வைத்திருக்கிறது. கொழுப்புள்ள உணவு இரைப்பையைத் தாண்டி முன்சிறுகுடலுக்குள் வந்ததும் ஒரு ஹார்மோன் சுரந்து பையைச் சுருங்கச் செய்கிறது. அப்போது பையின் கழுத்தில் ஒரு கல் போய் அடைத்துக்கொண்டால், வெளியே போக வழியில்லாமல் பைக்குள் அழுத்தம் ஏறி வலி எழுகிறது. கல் மறுபடியும் பைக்குள் சரிந்தால் வலி அடங்கிவிடும். எனவே பித்தப்பை வலிக்கு ஒரு தொடக்கம் உண்டு, உச்சம் உண்டு, முடிவும் உண்டு. காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும்வரை வயிறு பம்மென்று இருப்பதை இந்த அடைப்பு விளக்காது.

அக்காவின் வலி இந்த வார்ப்பில் அப்படியே பொருந்தியது. பெரும்பாலும் இரவு பதினொன்றுக்கு மேல் தொடங்கும். மேல் வயிற்றின் நடுவிலோ வலது விலா எலும்புக்குக் கீழோ பிடித்து, கால் மணி நேரத்தில் உச்சத்துக்கு ஏறி, பிறகு ஏறாமலும் இறங்காமலும் இரண்டு மூன்று மணி நேரம் நிற்கும். வலது தோள்பட்டை எலும்பின் கீழ்முனை வரை இழுக்கும். வாந்தி எடுத்தாலும் குறையாது, மலம் கழித்தாலும் குறையாது, புரண்டு படுத்தாலும் குறையாது. விடிந்ததும் எதுவுமே நடக்காததுபோல வேலைக்குப் போய்விடுவார். இரண்டு மாதத்துக்கு ஒரு முறை என்று இருந்தது, பிறகு மாதம் ஒரு முறையானது. வீட்டுக்கு அருகில் இருந்த ஒரு தனியார் கிளினிக்கில் இதை ‘காஸ்ட்ரிக்’ என்று சொல்லி, வெள்ளை மருந்துப் புட்டியையும் அமிலம் குறைக்கும் மாத்திரையையும் கொடுத்தே கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகளை ஓட்டினார்கள். மலேசியத் தமிழரின் பேச்சில் ‘காஸ்ட்ரிக்’ என்ற சொல் மேல் வயிற்றில் நேரும் எல்லாவற்றையும் மூடிவிடும் ஒரு போர்வை. மருத்துவர் சொல்வதற்கு முன்பே நாமே அந்தச் சொல்லைச் சொல்லிவிடுகிறோம், அவரும் மறுப்பதில்லை.

என் கதை வேறு. குழம்புகள் ஊற்றிய நாசி கண்டார் சோறு சாப்பிட்டாலும் உப்புசம், வெறும் ரசஞ்சோறு சாப்பிட்டாலும் உப்புசம். காலையில் தே தாரிக் என்ற பால் தேநீர் குடித்தால் பத்து மணிக்குள் வயிறு இரைச்சல். மலம் கழித்தால் ஓரளவு நிம்மதி. வாரத்தில் நான்கைந்து நாட்கள் இப்படித்தான். தூக்கத்தைக் கெடுத்ததில்லை, வேலையை நிறுத்தியதும் இல்லை. ஒரு முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் வயிற்று ஸ்கேனும் சேர்ந்திருந்ததால் 8 மி.மீ. கல் ஒன்று தற்செயலாகக் கண்ணில் பட்டது. அந்தத் தொகுப்பை எடுத்திராவிட்டால் எனக்குக் கல் இருப்பதே தெரிந்திருக்காது.

இந்த வேறுபாட்டை வல்லுநர்கள் ஓரளவு கறாராகவே வரையறுத்திருக்கிறார்கள். அரை மணி நேரமோ அதற்கு மேலோ நீடிக்கும் வலி, படிப்படியாக ஏறி ஒரு நிலையில் நிற்பது, தினமும் அல்லாமல் இடைவெளி விட்டு வருவது, அன்றாட வேலையை நிறுத்தும் அளவுக்கோ மருத்துவமனைக்கு ஓடும் அளவுக்கோ கடுமையாக இருப்பது, மலங்கழிப்பாலும் உடல் நிலையை மாற்றுவதாலும் அமில மாத்திரையாலும் பெரிதாகத் தணியாதது என்பவை அந்த வரையறையின் கூறுகள். நான் ஒரு சிறிய நோட்டை வாங்கி ஆறு வாரம் எழுதினேன்: என்ன சாப்பிட்டேன், எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை மணிக்கு முடிந்தது, எங்கே வலித்தது, எதனால் குறைந்தது. மருத்துவரின் அறையில் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் நினைவிலிருந்து சொல்வதைவிட அந்த நோட்டை நீட்டுவது எவ்வளவோ பயன் தந்தது. செலவு இல்லாத இந்தச் சோதனையைப் பெரும்பாலோர் செய்வதே இல்லை.

முதல் வழி: பையை எடுத்துவிடுவது

வலி மேலே சொன்ன வார்ப்பில் வந்து, ஸ்கேனில் கல்லும் தெரிந்தால், பித்தப்பையை முழுவதுமாக அகற்றுவதே நிலைத்த தீர்வு. கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைப்பதில் பயன் குறைவு, ஏனெனில் கல்லை உண்டாக்கிய பை மறுபடியும் உண்டாக்கும். 1882-இல் பெர்லினில் கார்ல் லாங்கன்புக் முதன்முதலாகப் பித்தப்பையை அகற்றியதற்கு அடிப்படையாக இருந்த எண்ணமும் இதுதான். நூறு ஆண்டுகளுக்குப் பிறகு, 1985-இல், எரிக் மூஹே என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் துளைகள் வழியாகவே அதைச் செய்து காட்டினார். இன்று பினாங்கில் அரசு மருத்துவமனையானாலும் தனியார் மருத்துவமனையானாலும் இந்தத் துளைவழி அறுவையே வழக்கம். மூன்று அல்லது நான்கு சிறு துளைகள், முழு மயக்கம், சிக்கல் இல்லையென்றால் ஒரு மணி நேர அளவிலான வேலை, ஒன்றிரண்டு நாளில் வீடு, ஒன்று இரண்டு வாரத்தில் மேசை வேலைக்குத் திரும்பல். உள்ளே ஒட்டல் அதிகமாக இருந்தாலோ இரத்தக்கசிவு நேர்ந்தாலோ வயிற்றைத் திறந்து செய்ய வேண்டிவரலாம். அதற்கும் சேர்த்துத்தான் நம்மிடம் முன்கூட்டியே கையெழுத்து வாங்குகிறார்கள்.

இந்த அறுவையைச் சிறியது என்று சொல்வது துளையின் அளவைப் பொறுத்தவரை சரி, பொறுப்பின் அளவைப் பொறுத்தவரை சரியல்ல. ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்குப் பித்தநாளத்தில் காயம் ஏற்படுகிறது. எண்ணிக்கை சிறியதுதான், ஆனால் அந்தச் சிலருக்கு அது மாதக்கணக்கில் இழுக்கும் துன்பம். இன்னொன்று, பை போன பிறகு பித்தநீர் சேமிக்கப்படாமல் குடலுக்குள் தொடர்ந்து சொட்டுவதால் சிலருக்கு, குறிப்பாகக் கொழுப்பு மிகுந்த சாப்பாட்டுக்குப் பிறகு, வயிற்றுப்போக்கு ஏற்படுகிறது. பலருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். நீடித்தால் கொலஸ்டிரமின் என்ற பொடி உதவும். அக்காவுக்கு முதல் ஆறு வாரம் அப்படி இருந்தது. ரொட்டி சானாயும் பருப்புக் குழம்பும் சாப்பிட்ட மறுநிமிடமே கழிப்பறையைத் தேடினார். பிறகு அதுவாகவே நின்றுவிட்டது.

என்னைத் தயங்க வைத்தது இந்த ஆபத்துகள் அல்ல. பித்தப்பையை எடுத்த பிறகும் பத்தில் ஒருவர் முதல் நால்வர் வரை ஏதோ ஒரு வயிற்றுத் தொந்தரவு தொடர்வதாகச் சொல்கிறார்கள். அறுவை தோற்றதால் அல்ல; எடுத்தது ஒன்று, தொந்தரவு தந்தது வேறொன்று என்பதால். நெதர்லாந்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நடந்து 2019-இல் வெளியான ஓர் ஆய்வில், கறாரான அறிகுறிகளைப் பார்த்தே அறுவைக்கு அனுப்பிய குழுவிலும் வழக்கம்போல மருத்துவரின் தீர்மானத்துக்கு விட்ட குழுவிலும், ஓராண்டுக்குப் பிறகு வலியின்றி இருந்தவர்கள் முறையே 56 விழுக்காடு, 60 விழுக்காடு. எந்த வழியில் தேர்ந்தெடுத்தாலும் பத்தில் நால்வருக்கு வலி மிச்சம் இருந்தது என்பதைப் படித்தபோது நான் அறிக்கையை மடித்து வைத்துவிட்டு நோட்டை எடுத்தேன்.

இரண்டாம் வழி: விட்டுவைத்துக் கவனிப்பது

கல்லால் எந்த வலியும் இல்லாதவருக்கு அறுவை தேவையில்லை என்பதில் இன்று பெரிய கருத்து வேறுபாடு கிடையாது. விதிவிலக்குகள் சில உண்டு: 3 செ.மீ.-க்கு மேற்பட்ட பெரிய கல், 10 மி.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட பித்தப்பைச் சதை வளர்ச்சி, சுவரில் சுண்ணாம்பு படிந்த பை ஆகியவற்றில் புற்றுநோய் வாய்ப்பைக் கருதி எடுத்துவிடப் பரிந்துரைப்பார்கள். தலசீமியா போன்ற இரத்த அழிவு நோய் உள்ளவர்களின் கல் வேறு வகை, அவர்களின் கணக்கும் வேறு.

வலி உள்ளவர்களுக்கும்கூடக் காத்திருப்பது முட்டாள்தனம் அல்ல என்று காட்டியது 2023-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு. சிக்கல் எதுவும் இல்லாத பித்தக்கல் வலியுள்ள 434 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியினருக்கு அறுவையும் மறுபாதியினருக்கு வலி மாத்திரையும் உணவு அறிவுரையும் என்று ஒதுக்கினார்கள். பதினெட்டு மாதங்களில் காத்திருந்தவர்களில் கால்வாசிப் பேரே அறுவைக்குப் போனார்கள். வலியின் சராசரி அளவில் இரு குழுக்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியவில்லை. ஆனால் இதை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது: அறுவைக்கு ஒதுக்கப்பட்டவர்களிலேயே மூன்றில் ஒருவருக்கு அந்தக் காலத்துக்குள் அறுவை நடந்திருக்கவில்லை, பதினெட்டு மாதம் என்பதும் ஒரு வாழ்நாள் அல்ல. மாதம் ஒரு முறை நள்ளிரவில் சுருண்டுகொண்ட அக்காவிடம் இந்த ஆய்வைக் காட்டிக் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆண்டுக்கு ஒரு முறை லேசாக வந்துபோகும் ஒருவரிடம் தயங்காமல் காட்டுவேன்.

காத்திருப்பவர் செய்யக்கூடியது அதிகமில்லை. எண்ணெயில் மூழ்கிய பெரிய சாப்பாட்டைத் தவிர்ப்பது, உடல் எடையை மெதுவாகக் குறைப்பது, அவ்வளவுதான். மெதுவாக என்பது முக்கியம், ஏனெனில் எடை விரைந்து குறையும்போது கல் உண்டாகும் வாய்ப்பு கூடுகிறது. இப்போது பரவலாகியிருக்கும் எடைக்குறைப்பு ஊசி மருந்துகளிலும் இந்த எச்சரிக்கை உண்டு. நீண்ட பட்டினியின்போது பித்தப்பை சுருங்காமல் பித்தநீர் தேங்குகிறது. தைப்பூசத்துக்கு விரதமிருந்து பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குக் காவடி எடுப்பவர் ஏற்கெனவே கல் உள்ளவராக இருந்தால், ஒரு வேளை உணவையும் கைவிடுவதா என்பதைத் தம் மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது. விரதம் முடிந்ததும் நெய்யும் வடையுமாக விருந்துக்கு உட்காரும் அந்த இரவு, பித்தப்பைக்கு ஒரு நாளும் இல்லாத வேலை.

கரைக்கும் மாத்திரையும் எண்ணெய்க் குடிப்பும்

அர்சோடியாக்சிகோலிக் அமிலம் என்ற மாத்திரை சில கற்களைக் கரைக்கும் என்பது உண்மை. ஆனால் கல் கொலஸ்டிரால் கல்லாக இருக்க வேண்டும், சுண்ணாம்பு படிந்திருக்கக் கூடாது, அளவு 1 செ.மீ.-க்குள், இன்னும் சிறியதாக இருந்தால் நல்லது, பையும் ஒழுங்காகச் சுருங்க வேண்டும். இத்தனையும் பொருந்தினால் ஆறு மாதம் முதல் இரண்டு ஆண்டு வரை விடாமல் உட்கொள்ள வேண்டும். அப்படிக் கரைந்தவர்களிலும் ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஐந்தாண்டுக்குள் கல் திரும்பி வருகிறது. அறுவையைத் தாங்க முடியாத முதியவர்களுக்கு இது ஒரு வழி. நாற்பது ஐம்பது வயதில் இருப்பவருக்கு அதிகம் பேசத் தேவையில்லை.

ஆனால் எண்ணெய்க் குடிப்பைப் பற்றிப் பேசியாக வேண்டும், ஏனெனில் வாட்சாப்பில் அக்காவுக்கு அது மூன்று பேரிடமிருந்து வந்தது. ஐந்து நாள் ஆப்பிள் சாறு குடித்து, கடைசி இரவில் எப்சம் உப்பும் ஆலிவ் எண்ணெயும் எலுமிச்சைச் சாறும் கலந்து குடித்தால் மறுநாள் பச்சைப் பச்சையாகக் கற்கள் வெளியேறும் என்பது செய்முறை. பச்சை உருண்டைகள் வெளியே வருவது பொய்யல்ல. நியூசிலாந்தில் ஒரு பெண் அப்படி வந்தவற்றை எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போக, அவற்றைச் சோதித்தவர்கள் 2005-இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார்கள்: அவற்றில் கொலஸ்டிராலும் இல்லை, பித்த நிறமியும் இல்லை, சுண்ணாம்பும் இல்லை, 40 டிகிரி வெப்பத்தில் உருகிப் பச்சை எண்ணெயாக வழிந்தன. குடித்த எண்ணெய் செரிமான நொதியோடும் சாற்றில் இருந்த பொட்டாசியத்தோடும் சேர்ந்து வயிற்றுக்குள் சோப்பாகியிருக்கிறது. சோப்புக் கட்டியைத்தான் கல் என்று எண்ணிவிட்டார்கள். உண்மையான கல் பைக்குள்ளேயே இருந்தது. வீணான முயற்சி என்பதோடு இது நிற்பதில்லை: அவ்வளவு எண்ணெய் பையை வேகமாகச் சுருக்கும்போது சிறு கல் ஒன்று நாளத்துக்குள் தள்ளப்பட்டு, மஞ்சள் காமாலையோ கணைய அழற்சியோ வரலாம்.

மூன்றாம் வழி: வேறு காரணம் தேடுவது

இதைப் பலர் முடிவைத் தள்ளிப்போடுவதாக நினைக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதுவே முடிவாக இருந்தது. உப்புசமும் எரிச்சலும் இரைச்சலும் முதன்மையாக இருப்பவர் பித்தப்பையின் பின்னால் ஓடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை பல.

மலேசிய இந்தியர்களுக்கு அவற்றில் முதலிடம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இரைப்பைக் கிருமிக்குத்தான். இந்நாட்டில் நடந்த ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுவது இதுதான்: மூன்று இனத்தவரில் இக்கிருமி இந்தியர்களிடம் மிகுதி, மலாய்க்காரர்களிடம் மிகக் குறைவு. வியப்பு என்னவென்றால், கிருமி மிகுதியாக இருந்தும் இந்தியர்களிடம் இரைப்பைப் புற்றுநோய் சீனர்களைவிடக் குறைவு. இதை ஒரு புதிராகவே மருத்துவ உலகம் பேசுகிறது. புற்றுநோய் குறைவு என்பதால் புண்ணும் எரிச்சலும் குறைவு என்று ஆகிவிடாது. மூச்சை ஊதிப் பார்க்கும் யூரியா சோதனையோ மலச் சோதனையோ இதைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் அமிலம் குறைக்கும் மாத்திரையை இரண்டு வாரமும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்தை நான்கு வாரமும் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். எனக்கு முதல் சோதனை இப்படித்தான் வீணானது. மாத்திரையை நிறுத்தச் சொல்ல மறந்தவரை நான் குறை சொல்வதாக இல்லை, நானும் கேட்கவில்லை. இரண்டாம் முறை கிருமி இருப்பது தெரிந்து, இரண்டு வார மருந்தில் எரிச்சல் முக்கால்வாசி போனது.

மீதி இருந்த இரைச்சலுக்குக் காரணம் இன்னும் எளிமையானது. நம்மில் பெரும்பாலோருக்கு வயது ஏற ஏறப் பால் சர்க்கரையைச் செரிக்கும் நொதி குறைந்துவிடுகிறது. தே தாரிக்கில் ஊற்றும் கெட்டிப் பால் அதை நாளுக்கு மூன்று முறை நினைவூட்டிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் பால் சேர்க்காத தே ஓ மட்டும் குடித்துப் பார்த்ததே சோதனை. நீரிழிவுக்காக மெட்ஃபார்மின் எடுப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கலாம்: உப்புசம், வயிற்றுப்போக்கு ஆகியவை அந்த மாத்திரையின் அறியப்பட்ட விளைவுகள், மெதுவாகக் கரையும் வகைக்கு மாற்றினாலே பலருக்குக் குறைகிறது. மூட்டுவலிக்காகத் தினமும் வலி மாத்திரை விழுங்குபவர்களின் மேல் வயிற்று வலிக்கு இரைப்பைப் புண் காரணமாக இருக்கலாம். இவை எதுவும் இல்லாமல், எண்டோஸ்கோப்பியிலும் ஒன்றும் தெரியாமல் தொடரும் தொந்தரவுக்குச் செயல்பாட்டுச் செரிமானக் கோளாறு, எரிச்சல் மிகு குடல் என்ற பெயர்கள் உண்டு. ‘ஒன்றுமில்லை’ என்று மருத்துவர் சொன்னதும் மனம் உடைந்து, கல் என்ற ஒன்றாவது கையில் கிடைத்ததே என்று அதைப் பற்றிக்கொள்பவர்கள் இந்த நிலையில்தான் இருக்கிறார்கள். அறுவையால் அதிகம் ஏமாறுபவர்களும் இவர்களே.

எதிர்த்திசையிலும் ஒரு சிக்கல் உண்டு: வலி பித்தப்பை வலியேதான், ஆனால் ஸ்கேனில் கல் இல்லை. வயிற்று அல்ட்ராசவுண்ட், பைக்குள் இருக்கும் கல்லை நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து முறை கண்டுபிடித்துவிடும். நாளத்துக்குள் நழுவிய கல்லை அவ்வளவு எளிதாகக் காணாது. சி.டி. ஸ்கேன் விலை கூடியது என்பதால் எல்லாவற்றையும் காட்டும் என்ற எண்ணம் தவறு. பல கற்கள் பித்தநீரின் அடர்த்தியிலேயே இருப்பதால் அதில் மறைந்துபோகும். நாளத்தைப் பார்க்க எம்.ஆர்.சி.பி. ஸ்கேனும், பை எவ்வளவு சுருங்குகிறது என்று அளக்க ஹைடா ஸ்கேனும் இருக்கின்றன. ஹைடா ஸ்கேனில் பை 35 முதல் 40 விழுக்காட்டுக்கும் குறைவாகச் சுருங்கினால் செயல் குறைந்த பை என்கிறார்கள். ஆனால் அந்த எண் ஒன்றை மட்டும் வைத்து அறுவைக்குப் போவதில் எனக்கு நம்பிக்கை குறைவு. நலமாக இருப்பவர்களிலும் சிலருக்கு அது தாழ்ந்தே இருக்கும், வலியின் வார்ப்பு பொருந்தினால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு.

எங்கே செய்வது

குடிமக்கள் கிளினிக் கெசிஹாத்தான் என்ற அரசு சுகாதார நிலையத்தில் ஒரு வெள்ளி (ரிங்கிட்) கட்டி மருத்துவரைப் பார்த்து, அங்கிருந்து கடிதம் பெற்றுப் பினாங்கு பெரிய ஆஸ்பத்திரிக்கோ செபராங் ஜெயா மருத்துவமனைக்கோ போகலாம். நிபுணர் கிளினிக்கில் வழக்கமான கட்டணம் ஐந்து வெள்ளி. அறுவைக்கும் மூன்றாம் வகுப்பு வார்டில் ஆகும் செலவு சில நூறு வெள்ளிக்குள் அடங்கும். விலை பணத்தில் இல்லை, நாட்களில் இருக்கிறது: அவசரமில்லாத பித்தக்கல் அறுவைக்கு மாதக்கணக்கில் தேதி தள்ளும். தனியார் மருத்துவமனையில் தேதி ஒரு வாரத்தில் கிடைக்கும், பில் பத்தாயிரம் வெள்ளியைத் தாண்டும். இங்கே தீவிலேயே பல மருத்துவமனைகள் இருக்கின்றன, இந்தோனேசியாவின் மேடானிலிருந்து விமானத்தில் வருபவர்கள்கூட அங்கே காத்திருக்கிறார்கள். கருவி, திறமை இரண்டிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் கையில் மெடிக்கல் கார்டு, அதாவது மருத்துவக் காப்பீட்டு அட்டை, இருக்கிறது என்ற காரணம் ஒன்றுக்காகவே அறுவை எளிதாக முன்மொழியப்படலாம் என்பதை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். இது குற்றச்சாட்டு அல்ல; கத்தி கையில் இருப்பவரிடம் போனால் கத்தியைப் பற்றித்தான் பேச்சு வரும்.

மெடிக்கல் கார்டில் ஒரு நுணுக்கம். பொதுவான நோய்களுக்கு முப்பது நாள் காத்திருப்புக் காலம் என்றால், பித்தப்பைக் கல்லும் சிறுநீரகக் கல்லும் அடங்கிய ‘குறிப்பிட்ட நோய்கள்’ பட்டியலுக்கு 120 நாள் என்பது இங்குள்ள பாலிசிகளில் வழக்கம். கார்டு எடுப்பதற்கு முன்பே ஸ்கேனில் கல் தெரிந்திருந்தால் அது ஏற்கெனவே இருந்த நோய்க் கணக்கில் போய்விடும். ஆகவே தேவையில்லாமல் உடல் பரிசோதனைத் தொகுப்பு எடுப்பதற்குக்கூட ஒரு விலை உண்டு. நான் அதைக் கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். அக்கா அரசு மருத்துவமனை வரிசையில் மூன்று மாதம் காத்திருந்து செய்துகொண்டார். காத்திருந்த நாட்களில் ஒரு முறை வலி வந்தது. அத்தான் அவரைக் காரில் ஏற்றி அவசரப் பிரிவுக்குக் கொண்டுபோனார், ஊசி போட்டு விடியற்காலையில் அனுப்பினார்கள்.

இந்த ஒப்பீடு எதுவும் பொருந்தாத நேரங்களும் உண்டு. வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் நிற்காமல் காய்ச்சலும் நடுக்கமும் சேர்ந்தால், கண் மஞ்சளாகிச் சிறுநீர் கட்டன் தேநீர் நிறத்திலும் மலம் களிமண் நிறத்திலும் போனால், வலி முதுகை நேராகத் துளைத்து வாந்தி நிற்காமல் போனால், அது பித்தப்பை அழற்சியோ நாள அடைப்போ கணைய அழற்சியோ ஆக இருக்கலாம். அன்றே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும். அழற்சி உறுதியானால் வாரக்கணக்கில் ஆறவிடாமல் முதல் சில நாட்களிலேயே பையை எடுப்பதே பெரும்பாலும் நல்லது. நாளத்தில் கல் இருந்தால் முதலில் ஈ.ஆர்.சி.பி. என்ற முறையில் வாய்வழியே குழாய் செலுத்தி அதை எடுப்பது உண்டு. நீரிழிவும் நாற்பதுக்கு மேற்பட்ட வயதும் உள்ளவருக்கு நெஞ்சுக்குழியில் வரும் புதிய வலி, வியர்வையோடு வந்தால், மாரடைப்பாகவும் இருக்கலாம்; இ.சி.ஜி. எடுத்துவிட்டுத்தான் பித்தப்பையைப் பற்றிப் பேச வேண்டும். காரணமின்றி எடை குறைவது, கருமலம், விழுங்கச் சிரமம், இரத்தசோகை ஆகியவை இருந்தால் எண்டோஸ்கோப்பியைத் தள்ளிப்போடக் கூடாது.

சென்ற மாதம் மறு ஸ்கேன் எடுத்தேன். கல் அதே 8 மி.மீ., அதே இடம். நோட்டின் கடைசிப் பக்கத்தில், எந்த நிலையில் என் முடிவை மாற்றிக்கொள்வேன் என்று எழுதி வைத்திருக்கிறேன்: இரவில் எழுப்பும் வலி, அரை மணி நேரத்துக்கு மேல், இரண்டு முறை. இதுவரை ஒரு முறைகூட வரவில்லை. அக்கா அதைப் படித்துவிட்டு, இரண்டாம் முறைக்கு ஏன் காத்திருக்க வேண்டும் என்று கேட்டார். அவர் பட்ட வலியைப் பட்டிருந்தால் நானும் அப்படித்தான் கேட்டிருப்பேன்; ஆனாலும் எழுதியதை அடிக்கவில்லை.